ஐஸ்கிரீம்காரருக்குப் பல் கூசியது

ஐஸ்கிரீம் செய்து விற்கிற மனுஷனுக்கு ஐஸ்கிரீம் பட்டாலே பல் கூசினால், அவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? மெலென்சியோ கட்டாபாங் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் கூடவே குடும்பம் நடத்திய இக்னாசியாவிடம்கூட மூச்சு விடவில்லை.

முதன்முதலில் அது வந்தது ஆகஸ்ட் மாதத்து மழை நாள் ஒன்றில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, மரவாளியில் ஐஸையும் கல்லுப்பையும் கொட்டி, நடுவில் நிற்கிற உலோகக் குவளையைக் கை சலிக்கச் சுழற்றி முடித்திருந்தார். எருமைப்பாலில் சீஸ் போட்ட ஐஸ்கிரீம். மூடியைத் திறந்து வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மேல்வரிசையில் இடது பக்கம் சுரீரென்று ஓர் ஊசி ஏறியது. கண்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் வலி போயேபோய்விட்டது. எதையோ கடித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். மறுநாள் அதே ஊசி. அதற்கு மறுநாள் இரண்டு ஊசி.

கடலோர ஊரான லெமெரியில் கைவண்டி தள்ளி, சீஸ், மாம்பழம், ஊதாநிறச் சேனைக்கிழங்கு போட்ட ஐஸ்கிரீம் விற்கிறவர்கள் அஞ்சாறு பேர் உண்டு. அவர்களில் மெலென்சியோவுக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் எதையும் அளந்து போடமாட்டார். பால் இன்றைக்குக் கெட்டியா, தண்ணியா, மாம்பழம் புளிப்பா, கனிந்ததா என்று பார்த்து, நாக்கு சொல்கிற கணக்கில்தான் சர்க்கரை விழும். சுழற்றச் சுழற்ற மூன்று தடவையாவது ருசி பார்ப்பார். “மெலெனோட நாக்க வெட்டி ஏலம் விட்டா எம்புட்டுப் போகும்?” என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அந்த நாக்குக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்குக் காவலாக நின்ற பற்கள்தான் காட்டிக்கொடுத்துவிட்டன.

அவர் ஒரு உபாயம் செய்தார். ஐஸ்கிரீமைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் போட்டு, உருகவிட்டு, சூடு ஏறினதும் நக்கிப் பார்த்தார். வலி இல்லை. ஆனால் குளிர்ந்திருக்கும்போது அடங்கிக் கிடக்கிற இனிப்பு உருகினதும் தலைதூக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. ஐயோ, தித்திப்பு தூக்கலாகப் போய்விட்டதே என்று அடுத்த தடவை சர்க்கரையைக் குறைத்தார். அதையும் உருக்கிப் பார்த்தார். இன்னும் குறைத்தார்.

“மாங் மெலென், சக்கர வெல ஏறிடுச்சா?” என்று பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆசிரியை கேட்டாள். வயதில் பெரியவர்களை அங்கே ‘மாங்’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

“ஏம்மா?”

“ஒண்ணுமில்ல. ஐஸ் நல்லாத்தான் இருக்கு. கிரீமத்தான் தேடிட்டிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் வாய்க்குள் காற்று போகும். காற்று பட்டாலும் கூசுகிற நிலைமை அதற்குள் வந்துவிட்டது. ஊருக்குள் ஓடுகிற திறந்த ஜீப்னி வண்டியில் போனால், காற்றடிக்கிற ஓரத்து இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். தெருவில் யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினார். கட்டாபாங்குக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று இரண்டு வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

பல்லில் அழுக்கு சேர்ந்ததால்தான் இப்படி ஆகிறது என்பது அவருடைய தீர்மானம். சின்ன வயதிலிருந்தே பல் விஷயத்தில் அவர் சுத்தக்காரர். வாய் நாறுகிறவன் கையில் எவன் ஐஸ்கிரீம் வாங்குவான்? நாளைக்கு இரண்டு வேளை தேய்த்தவர் நாலு வேளை தேய்க்க ஆரம்பித்தார். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கினார். மரவாளிக்கு வைத்திருந்த கல்லுப்பை இடித்து, பற்பசைமேல் தூவி, பாத்திரம் துலக்குகிறமாதிரி பரபரவென்று தேய்த்தார். கூச்சம் கூடத்தான் செய்தது. இன்னும் அழுக்கு போகவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

ஏப்ரல் மாதத்தில் அது சபைக்கு வந்தது.

படகுக்காரர் செல்சோ வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். குழந்தைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் பூவேலை செய்தது இக்னாசியா. அவள் ஊரில் பேர்போன தையல்காரி. அன்னாசி நாரில் நெய்த மெல்லிய துணியில் ஊசி போவதே தெரியாமல் பூப்போடுவாள். அதனால் அவளுக்கு மேசையில் இடம். மெலென்சியோவுக்கு வாசலில் வண்டியோடு இடம். வெயிலோ மண்டையைப் பிளந்தது. நூறு பேருக்குச் சீஸ் ஐஸ்கிரீம். அன்று காலை அவர் உருக்கிக்கூட ருசி பார்க்கவில்லை. இனிப்புக்கும் பல் கூச ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

குவளையின் மூடி சரியாக உட்காரவில்லை. சுழற்றுகிறபோது வெளியே இருந்த உப்புத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. சாப்பிட்டவர்களுக்கும் உடனே தெரியவில்லை. சீஸ் என்றால் லேசாக உப்புக் கரிக்கத்தானே செய்யும் என்று மரியாதைக்கு நாலு கரண்டி தின்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மரியாதை கிடையாது. துப்பிவிட்டார்கள். கடைசியில் செல்சோவின் அத்தை கோப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

“ஏன்யா மெலென், வர்ற வழியில கடல மொண்டு ஒறைய வெச்சியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மெலென்சியோ பதறிப்போய், யோசிக்காமல், ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டார். உப்பு நாக்குக்குத் தெரிவதற்கு முன்னால் இரண்டு வரிசைப் பல்லிலும் மின்னல் ஓடியது. கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின்மேல் சாய்ந்துவிட்டார்.

சிரிப்பு நின்றது. மேசையிலிருந்து எழுந்து வந்தவள் இக்னாசியா.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வண்டியின் ஒரு பக்கத்தை அவளும் பிடித்துத் தள்ளினாள். வீட்டு வாசலில் வந்துதான் வாயைத் திறந்தாள்.

“எத்தன நாளா?”

“இன்னைக்குத்தான்…”

“மெலென்.”

“ஆகஸ்ட்லேர்ந்து.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். “எட்டு மாசம். எட்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. நாந்தான் நீ காப்பியக் கூட ஆறவெச்சுக் குடிக்கிறியே, வயசாகுது போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

“சொன்னா என்ன பண்ணுவ?”

“என்ன பண்ணுவேனா? மூடி சரியா இருக்கான்னாவது பாத்திருப்பேன்.”

செல்சோ பெரிய மனது பண்ணி, நடந்ததை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் மெலென்சியோவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் ஃபௌஸ்தினோ வந்தார். செய்தி அதற்குள் அவர் தெருவரைக்கும் போயிருந்தது. ஃபௌஸ்தினோ ஏழு வருஷத்துக்கு முன்னால் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் கட்டிக்கொண்டவர். ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டு, நறநறவென்று கடித்துக் காட்டினார்.

“பாத்தியா? ஒண்ணும் தெரியாது. இந்தச் சனியனயெல்லாம் பிடுங்கிப் போட்டாத்தான் நிம்மதி. பல்லு இருக்கிறவனுக்குத்தான்டா பல்வலி.”

“மீன் ருசி தெரியுதாண்ணே?”

“மீனா? தெரியுது, தெரியுது…” ஃபௌஸ்தினோ கொஞ்சம் யோசித்தார். “செட்டு மேல்வாய மூடிக்கிட்டு இருக்குல்ல, அதனால ஒரு மாதிரி இருக்கும். அதுவும் பழகிடும்.”

அந்த ‘ஒரு மாதிரி’ மெலென்சியோவின் காதில் விழுந்தது. ஆனாலும் மனதில் ஏறியது ஐஸ் கட்டியை நறநறவென்று கடித்த சத்தம்தான். பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் செவ்வாயும் வியாழனும் பல் டாக்டர் வருவார். டாக்டர் லிகாயா மரசிகன் என்று பெயர். பெண் டாக்டரை அங்கே ‘டாக்டரா’ என்று கூப்பிடுவார்கள். நாற்பது வயது இருக்கும். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இக்னாசியாவும் கூட வந்தாள். அவளை வரவேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்ததுமே மெலென்சியோ சொல்லிவிட்டார்: “எல்லாத்தையும் பிடுங்கிடுங்க டாக்டரா.”

“எத்தன பல்லு?”

“எத்தன இருக்கோ அத்தனயும்.”

டாக்டர் கண்ணாடியை வைத்து வாய்க்குள் பார்த்தாள். “இருபத்தெட்டு இருக்கு. ஒண்ணுகூட ஆடல. குடியிருக்கிறவன் ஒழுங்கா இருக்கும்போது எதுக்கு வீட்ட இடிக்கணும்? நீங்க ஐஸ்கிரீம் விக்கிற மாங் மெலென்தானே?”

“ஆமா.”

“போன மாசம் உங்ககிட்ட வாங்கினேன். சக்கரயே இல்ல. பல் டாக்டர்னு தெரிஞ்சு எனக்கு மட்டும் தனியாச் செஞ்சிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

இக்னாசியா முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு மெல்லிய குழாயால் ஒவ்வொரு பல்லாகக் காற்று ஊதினாள். முதல் ஊதலிலேயே மெலென்சியோ நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டார்.

“காத்து நின்னதும் வலியும் நின்னுச்சா? இல்ல, இழுத்துக்கிட்டே இருக்கா?”

“நின்னுடுச்சு.”

அடுத்தது. “நின்னுடுச்சு.” அடுத்தது. “நின்னுடுச்சு.” கீழே வலது பக்கக் கடைவாய்க்கு வந்தபோது மட்டும் அவர் பேசவில்லை; விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். டாக்டர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே காத்திருந்தாள். பத்து எண்ணுகிற வரைக்கும் விரல் கீழே இறங்கவில்லை.

“இது ஒண்ணு வேற கத. இதுல சொத்தை விழுந்திருக்கு, அடைக்கணும். நல்லவேள, எதுவும் படாமலே விண்ணுவிண்ணுன்னு தெறிக்கிற அளவுக்குப் போகல. மத்ததெல்லாம் வெறும் கூச்சம்.”

“வெறும் கூச்சமா? உசுரு போவுது டாக்டரா!”

“வலி பெருசுதான், இல்லேங்கல. பல்லு கெடலன்னு சொல்றேன்.” அவள் அவர் கையில் ஒரு முகக் கண்ணாடியைக் கொடுத்தாள். “மேல பாருங்க. ஈறு ஒட்டுற எடத்துல மஞ்சளா, பள்ளமா, கோடாலியால கொத்தின மாதிரி தெரியுதா?”

தெரிந்தது. ஐம்பத்திநாலு வயது வரைக்கும் அந்த இடத்தை அவர் உற்றுப் பார்த்ததே இல்லை.

“பல்லுக்கு மேல வெள்ளையா ஒரு ஓடு இருக்கு. ஒடம்புலயே அதுதான் கெட்டி. அதுக்கு உணர்ச்சி கெடயாது. உள்ள இருக்கிற மஞ்சள் பாகத்துல கண்ணுக்கே தெரியாத குழாய் ஆயிரக்கணக்குல ஓடுது. எல்லாம் நரம்பு இருக்கிற பக்கமாப் போகுது. ஓடு தேஞ்சா, ஈறு விலகினா, அந்தக் குழாய் வாயெல்லாம் தொறந்துக்கும். குளிரோ காத்தோ இனிப்போ பட்டா உள்ள இருக்கிற நீர் அசையும். நரம்பு துள்ளும். அதான் உங்க ஊசி.”

“ஏன் தேஞ்சுது? நான் நாலு வேள பல்லு வெளக்குறவன்.”

“எதால?”

அவர் பெருமையாகச் சொன்னார். முரட்டு பிரஷ்ஷைச் சொன்னார். இடித்த கல்லுப்பைச் சொன்னார். கேட்டு முடித்ததும் டாக்டர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். அது புடைத்துக்கொண்டு இருந்தது.

“அது என்ன?”

“கமியாஸ்.” மீன் குழம்புக்குப் போடுகிற விரல் நீளப் புளிக்காய். காயவைத்து உப்புப் போட்டது. “வெயில்ல வண்டி தள்ளும்போது கன்னத்துல ஒண்ணு அடக்கிக்குவேன். எச்சி ஊறும், தாகம் தெரியாது.”

“ஒரு நாளைக்கு எத்தன?”

“பத்து, பன்னெண்டு.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.” சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதல் ஊசி ஏறியது இடது பக்கம்தான்.

“அதான். புளிப்பு அந்த ஓட்ட எளக்கிடும் மாங் மெலென். சும்மா விட்டா எச்சிலே கொஞ்சங் கொஞ்சமா அதக் கெட்டிப்படுத்தும். நீங்க விடலியே. எளகின சூட்டோட உப்பப் போட்டுத் தேச்சிருக்கீங்க. அழுக்கு எட்டு மாசத்துக்கு முந்தியே போயாச்சு. அப்புறம் நீங்க தேச்சதெல்லாம் பல்ல.”

மெலென்சியோ கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். சுத்தக்காரர் என்று ஊரில் வாங்கிய பெயரெல்லாம் ஒரு நொடியில் போனமாதிரி இருந்தது.

இக்னாசியா கேட்டாள்: “கிழிஞ்சத தெக்க முடியுமா டாக்டரா?”

“முடியாது. போன ஓடு திரும்ப வளராது. ஆனா தொறந்த குழாய் வாய அடைக்கலாம். ரொம்பப் பள்ளமான எடத்துல பூசி மூடலாம்.”

அன்றைக்கே பற்களைத் துடைத்துக் காயவைத்து, ஃபுளோரைடு கலந்த பிசின் போன்ற ஒரு பூச்சைத் தடவினாள். நாளைக் காலை வரை தேய்க்கக் கூடாது என்றாள். பிறகு சொன்னவை: மெத்தென்ற பிரஷ். பல் கூச்சத்துக்கென்று விற்கிற பற்பசை, காலையும் இரவும். பேனா பிடிக்கிறமாதிரி பிடித்து, மெதுவாக. துப்பலாம், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடக் கூடாது. கூசுகிற இடத்தில் அந்தப் பசையையே விரலால் தொட்டு வைக்கலாம். புளிப்பு தின்றால் தண்ணீரால் வாயை அலசிவிட்டு, ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர். கமியாஸ் குழம்புக்கு மட்டும்.

“எத்தன நாள்ல சரியாகும்?”

“ரெண்டு வாரம், நாலு வாரம். சிலருக்கு அதுக்கு மேல. இன்னைக்குத் தடவி நாளைக்கு ஐஸ்கிரீம் தின்னலாம்னு நெனைக்காதீங்க.”

வெளியே வந்ததும் மெலென்சியோ முனகினார். “ஒரு பற்பசைக்கா இம்மாந்தூரம் வந்தோம்?”

“பல்லோட திரும்பிப் போறியே, அதுக்குத்தான்,” என்றாள் இக்னாசியா.

அவள் சொல்லாமல் விட்ட ஒன்றை மறுநாள் விடியற்காலையில் செய்தாள். கொட்டகைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “குடு. நான் பாக்குறேன்.”

“ஒனக்கு என்ன தெரியும்?”

“வாய் இருக்கு. பல்லும் இருக்கு. வேற என்ன வேணும்?”

அவர் அரைமனதாகக் கரண்டியை நீட்டினார். “மேல்வாய்ல ஒட்டுதா, இல்ல வழுக்கிட்டுப் போவுதா?”

இக்னாசியா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள். “மொதல்ல வழவழன்னு இருக்கு. அப்புறம் நூல் பிரியுது.”

“நூல் பிரியுதுன்னா?”

“பொடிப்பொடியா என்னமோ தட்டுது.”

“ஐஸ் மணி. இன்னும் சுத்தணும்.” அவர் சுழற்றினார். “இப்ப?”

“இப்பப் பட்டு. ஆனா அதுல கஞ்சி போட்டிருக்கு.”

மெலென்சியோவின் கை நின்றுவிட்டது. பால் விலை ஏறினதிலிருந்து அவர் சோளமாவைக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டுவந்தார். அவர் நாக்குக்கே அது பழகிப் போயிருந்தது. இந்தப் பெண்பிள்ளை ஒரு வாயில் பிடித்துவிட்டாள்.

“ஏன் இவ்வளவு நாளா நீ சொல்லல?”

“நீ ஏன் இவ்வளவு நாளா கேக்கல? இருபத்தாறு வருஷத்துல ‘இந்தா, தின்னு’ன்னு குடுத்திருக்க. ‘எப்படி இருக்கு’ன்னு ஒரு நாளாவது கேட்டியா?”

அவர் யோசித்துப் பார்த்தார். கேட்டதாக ஞாபகம் இல்லை. அன்று மாவைக் குறைத்தார்.

முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மெத்தென்ற பிரஷ் பல்லில் படுகிறதா இல்லையா என்றே புரியவில்லை. பூனைக்குட்டியை வைத்துத் தேய்க்கிறமாதிரி இருக்கிறது என்றார். வெயிலில் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போகும், அங்கே வெறுமை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பார். அது வெயிலில் சுட்டுப்போய் இருக்கும். நல்லதாகப் போயிற்று. இரண்டாவது வாரக் கடைசியில் அவசரப்பட்டு ஒரு கரண்டி ஐஸ்கிரீமை வாயில் போட்டுப் பார்த்தார். ஊசி அப்படியேதான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஃபௌஸ்தினோ ஒரு சீட்டோடு வந்தார். அன்று சனிக்கிழமை; ஊர் நடுவிலிருக்கும் பிளாசா மைதானத்தில் வெளியூர்த் தொண்டர்கள் கூடாரம் போட்டு இலவசமாகப் பல் பிடுங்கினார்கள். தம்பிக்காக விடியற்காலையிலேயே போய் நம்பர் வாங்கி வந்திருந்தார். நாற்பத்தொன்று.

“டாக்டரம்மா பசை தடவிட்டு ஏமாத்திடுச்சு. இது ஒரே நாள் வேல. வா.”

இக்னாசியா தைத்த துணியைக் கொடுக்கப் பக்கத்து ஊரான தாஆலுக்குப் போயிருந்தாள். மெலென்சியோ சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மே மாத வெயிலில் வரிசை பாதித் தெருவுக்கு நீண்டிருந்தது. கூடாரத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல், கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்கள். ஃபௌஸ்தினோ பக்கத்தில் நின்று தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஊசி போட்டா மரத்துடும்டா. நாலு தடவையா பிடுங்குவாங்க. மூணு மாசம் கஞ்சி. அப்புறம் ராஜா.”

“மூணு மாசமா? நீ ஒரே நாள் வேலன்னியே?”

“ஈறு ஆற வேணாமா? செட்டு உக்கார வேணாமா? எனக்கு மொத செட்டு சேரல, அத வேற மாத்தினேன்.”

“இதையெல்லாம் வீட்ல வெச்சுச் சொல்லமாட்டியா நீ?”

“கேட்டியா நீ?”

வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பெண் கோப்பையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். கோபத்தில் மெலென்சியோ அதை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். “வாய் மரத்துடும்ங்கிற, மூணு மாசம் கஞ்சிங்கிற, ருசி கேட்டா ஒரு மாதிரிங்கிற. ஒரே தொழில்ண்ணே எனக்கு, அதுக்கு இந்த வாய்தான்…”

அங்கே நிறுத்தினார். கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அடியில் கிடந்த தண்ணீரில் இரண்டு ஐஸ் துண்டுகள் மிதந்தன.

“என்னடா?”

“இரு.” மிச்சத் தண்ணீரையும் வாயில் ஊற்றி, மெதுவாக இடது பக்கம் ஒதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். லேசாக ஒரு சிலிர்ப்பு. யாரோ விரல் நகத்தால் தட்டுகிறமாதிரி. ஊசி இல்லை. வலது பக்கம் ஒதுக்கினார். கீழ்க் கடைவாய் மட்டும் விண்ணென்றது. அந்தச் சொத்தைப் பல்.

அவர் தண்ணீரை விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஃபௌஸ்தினோ பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தார். “வலிக்குதா?”

“இல்லண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் வலிக்குது.”

வரிசையில் கடைசியில், கன்னம் வீங்கிப்போய் ஒரு லாரி டிரைவர் நம்பர் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். மெலென்சியோ நாற்பத்தொன்றாம் சீட்டை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார். ஃபௌஸ்தினோ பின்னாலேயே வந்தார். கொஞ்சதூரம் போனதும், யாரிடமோ கேட்கிறமாதிரி கேட்டார்: “ஏண்டா, அந்த டாக்டரம்மா பல்செட்டு லூசா இருந்தா சரிபண்ணித் தருமா? எனக்கு மேல் செட்டு ரொம்ப நாளாவே ஆடுது.”

செவ்வாய்க்கிழமை மெலென்சியோ போய்க் கடைவாய்ச் சொத்தையை அடைத்துக்கொண்டார். ஈறோரம் பள்ளமாய் இருந்த மூன்று பற்களில் டாக்டர் பல் நிறத்திலேயே பூசி மூடினாள். பிளாசாவுக்குப் போனதை அவர் மறைக்கவில்லை. மறைத்து மறைத்து அவருக்கே அலுத்துவிட்டது.

“பிடுங்கியிருந்தா?” என்றாள் டாக்டர்.

“பிடுங்கியிருந்தா இருபத்தேழு நல்ல பல்லு போயிருக்கும்.”

“இனிமே இது வரவே வராதுன்னு நெனச்சு அந்தப் பசைய விட்டுடாதீங்க. விட்டா திரும்பக் கூசும்.”

“தெரியும். பூனைக்குட்டியும் இப்பப் பழகிடுச்சு.”

அதற்கப்புறமும் பத்து நாள் அவர் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. அவசரப்பட்டு மறுபடி ஏமாற அவருக்கு மனசு வரவில்லை. ருசி பார்க்கிற வேலையை இக்னாசியாவே செய்தாள். மாம்பழ காலம் முடியப் போகிற நேரம். பழம் அளவுக்கு மீறிக் கனிந்து வந்தது. அவள் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னாள். எலுமிச்சைமாதிரி இருக்கிற கலமான்சியில் நாலு பிழியச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு பிழிந்தார். பள்ளிக்கூட வாசலில் அன்று மதியத்துக்குள்ளேயே குவளை காலியானது.

ஜூன் மாதம் முதல் வெள்ளிக்கிழமை, முதல் மழை கொட்டகைத் தகரத்தில் தட்ட ஆரம்பித்த விடியற்காலையில், அவர் குவளையின் மூடியைத் திறந்து தனக்கென்று ஒரு கரண்டி எடுத்தார். இக்னாசியா சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல்லில் படாமல் உள்ளே தள்ளினார். பட்டது. சிலிர்த்தது. அவ்வளவுதான். நாக்கின்மேல் மாம்பழம் மெல்ல அவிழ்ந்தது. எருமைப்பால் அதன் பின்னாலேயே வந்தது. கடைசியில் கலமான்சி ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பத்து மாதத்தில் இப்படி ஒரு ருசியை அவர் அறியவில்லை. அது அவருடைய ருசியும் இல்லை.

“எப்படி?” என்றாள் இக்னாசியா.

“சக்கர பத்தல.”

“வாங்குறவங்க யாரும் சொல்லல.”

“நான் சொல்றேன்.”

“நீ சொல்லு. நான் வேணாங்கல. ரெண்டாவது கரண்டி எதுக்கு எடுக்கிற?”

அவர் கையில் இரண்டாவது கரண்டி இருந்தது. அதைத் தின்று முடித்தார். மூன்றாவதும் எடுத்தார். மழை கொஞ்சம் வலுத்தது; இன்றைக்கு வியாபாரம் பாதிதான். அவர் மூடியை அழுத்தி மூடி, நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சீஸும் சேனைக்கிழங்கும் எங்கிட்ட விட்டுடு. மாம்பழம் நீ பாத்துக்க. நாளைக்கும் வந்து ருசி பாரு.”

“நாளைக்கு எனக்குக் கல்யாணச் சட்டை ஒண்ணு முடிக்கணும்.” அவள் எழுந்து பாவாடையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டாள். “விடியக்கால அஞ்சு மணிக்கு மேலன்னா முடியாது. அதுக்கு முன்னாடின்னா வர்றேன்.”